நாற்பத்தோராம் இலக்கத்துப் புருஷன்

அத்தியாயம் 7

அடுத்தவர் வீட்டில் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுத்தே சோறு தின்கிறவள் ஃபஹ்மியா. கற்பிட்டி டவுனில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டில். அதுதான் அலுவலகம், அதுவேதான் வீடு. காணாமல் போன கடா ஆடு முதல், நிக்காஹ்வுக்கு முதல் நாள் காணாமல் போன மாப்பிள்ளை வரை அவள் தேடிப் பிடித்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவளின் பெயரே அந்தப் புதன்கிழமை காலை காணாமல் போயிருந்தது.

நுரைச்சோலைப் பக்கம் மீள்குடியேற்றச் சங்கத்தின் நோட்டீஸ் போர்ட்டில் காணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. மன்னாரில், அவர்கள் விட்டு வந்த முசலிப் பக்கத்து ஊரில் குடும்பத்துக்கு இருபது பேர்ச் காணி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறி இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களுக்கு முப்பத்திரண்டு வருடம் கழித்துக் கிடைக்கப்போகிற மண். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஃபஹ்மியா மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தாள். அவள் இல்லை.

"மிஸ், எழுத்துப் பொடிசா இருக்கு. கண்ணாடியப் போட்டுப் பாருங்க" என்றான் பஸ்தியான். உச்சமுனையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், படகு இன்ஜினை விற்று ஓட்டோ வாங்கியவன், ஐம்பது வயதுக்காரன். ஃபஹ்மியாவுக்குச் சாரதி, உதவியாளன், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன் எல்லாம் அவன்தான்.

"கண் நல்லாத்தான் தெரியுது, பஸ்தியான் அண்ண. இங்க பாருங்க. நாப்பதாவது சித்தி மரியம். நாப்பத்திரெண்டாவது உம்மு குல்தூம். ஜூன் மாசம் பதிய வந்த அண்டைக்கு வரிசையில எனக்கு முன்னுக்கு நிண்டவ ஒருத்தி, பின்னுக்கு நிண்டவ ஒருத்தி. நடுவுல நான். இப்ப நடுவுல யாரு?"

பஸ்தியான் குனிந்து வாசித்தான். "நாப்பத்தொண்டு. முகம்மது நௌஃபர், குறிஞ்சிப்பிட்டி." நிமிர்ந்தான். "அஞ்சு மாசத்துல மிஸ் நல்லா மாறிட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் ஃபஹ்மியா சிரித்திருப்பாள். இந்தக் காணி அவளுக்கு வெறும் காணி அல்ல. அவர்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் குடியிருப்பான். இடம்பெயர்ந்த முகாமில் வாப்பா ஒரே ஒரு வீடுதான் கட்டினார். அதை மூத்தவள் அலீமாவுக்கு எழுதினார். இளையவளுக்கும் கட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து, ஃபஹ்மியாவுக்குக் கலியாணமும் செய்து வைத்து, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் மௌத்தாகிப்போனார். வீடு வரும் வரும் என்று இரண்டு வருடம் பார்த்த புருஷன், வராது என்று தெரிந்ததும் தலாக் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வாடகை அறை. வயது முப்பத்தெட்டு. தன் பெயரில் ஒரு கதவு, எவரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாத ஒரு கதவு. அவள் உலகத்தில் கேட்டது அவ்வளவுதான்.

உள்ளே சங்கத் தலைவர் சாஹுல் ஹமீது கோவைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் எப்போதும் புளி கரைத்து வைத்திருக்கும் மனிதர். போன வருடம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கழற்றி விற்றது அவருடைய தம்பி மகன்தான் என்று ஃபஹ்மியா கண்டுபிடித்ததிலிருந்து, அந்தப் புளி அவளைக் கண்டால் இன்னும் கொஞ்சம் புளிக்கும்.

"காக்கா, என்ட பேர் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? மெசின் குடுத்த லிஸ்ட். முறைப்பாடு இரிந்தா றம்லா டீச்சர்கிட்டக் கதைங்க. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னா நான் லிஸ்ட்டைக் கட்டி முத்திர வெச்சிருவன். நாளைக்கு மன்னாருக்குக் கொண்டு போகணும். பொறகு வானத்துல இரிந்து மலக்கு வந்து கேட்டாலும் மாத்த ஏலா."

"நௌஃபர் எண்டு குறிஞ்சிப்பிட்டியில ஒருத்தர். ஒங்கட மனிசிட ஊரும் அதானே?"

சாஹுல் ஹமீது கோவையை மேசையில் தட்டி நேராக்கினார். "குறிஞ்சிப்பிட்டி ஒரு ஊர், தங்கச்சி. எண்ட மாமனார்ட வளவு இல்ல."

*

அடுத்த அறையில் றம்லா டீச்சர் லெப்டொப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுக்கிறவள், மூன்று பிள்ளைகளின் தாய். பட்டியலுக்கான புரோகிராமைப் பைதன் மொழியில் சம்பளம் இல்லாமல் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். ஃபஹ்மியாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"முபாரக், ஃபஹ்மியா! ஒரு சொல் சொல்லல்லியே!"

"எதுக்கு டீச்சர் முபாரக்?"

"ரெண்டாம் கலியாணத்துக்கு. போன மாசம் திருத்தம் செய்ற அண்டைக்கு ஒங்கட இலக்கத்துல புருஷன்ட பேரப் போடச் சொல்லித் துண்டு வந்திச்சே. நௌஃபர் எண்டு."

ஃபஹ்மியா வாயடைத்து நின்றாள். பஸ்தியானுக்குத்தான் வாய் அடைபடவே இல்லை. "ஐயோ மிஸ், உங்களுக்கே தெரியாம ஒரு புருஷனா! ஊர்ல ஒவ்வொரு பொம்புளையும் தவமிருந்தும் கிடைக்காத ஆள் உங்களுக்குத் துண்டுலயே வந்து சேர்ந்திட்டான்."

"சும்மா இருங்க. டீச்சர், எனக்கு அப்பிடி ஒருத்தரும் இல்ல."

றம்லாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். "இரிங்க. இது எப்படி வேல செய்ற எண்டு முதல்ல சொல்றன். பைதன்ல டிக்ஷனரி எண்டு ஒண்டு இரிக்கு. தபால் கந்தோர்ல சின்னச் சின்னப் பெட்டி வரிசையா இரிக்குமே, அது மாதிரி. ஒரு திறப்புக்கு ஒரு பூட்டு, ஒரு பெட்டி. திறப்பக் குடுத்தா உள்ளுக்கு என்ன இரிக்கோ அது வரும். அப்பிடி ஒரு திறப்பே இல்லாட்டி, இல்ல எண்டு மொகத்துக்கு நேரச் சொல்லிரும்."

"எங்கட பெட்ரோல் கியூஆர் மாதிரி" என்றான் பஸ்தியான். "வாகன நம்பர்தான் திறப்பு. உள்ளுக்கு இருக்கிறது வாரத்துக்கு அஞ்சு லீட்டர். இண்டைக்கு மிச்சம் ஒண்டரை லீட்டர், மிஸ், அதையும் ஞாபகத்துல வெச்சுக்கொள்ளுங்க."

"அதேதான். இங்க திறப்பு என்ன எண்டா, தொண்ணூறாம் ஆண்டு வீட்டுக்கு அரிசி எடுத்த கூப்பன் கார்ட் இலக்கமும் ஆள்ட ஐசி இலக்கமும். ரெண்டையும் சேத்து ஒரே திறப்பு. முதல்ல கூப்பன் கார்ட் மட்டும்தான் வெச்சிருந்தன். நான் புத்தளத்துப் புள்ள, எனக்கு ஒங்கட சங்கதி தெரியாது. ஒரு கார்ட் எண்டா ஒரு வீடு எண்டு நெனச்சன். முதல் கிழமையே ஒரு உம்மாவும் மூணு மகள்மாரும் ஒரே கார்டோட வந்தாங்க. அண்டைக்கு அவங்க ஒரு அடுப்பு. இண்டைக்கு நாலு அடுப்பு. நாலு பேரையும் பதிஞ்சன். பின்னேரம் பாத்தா கடைசி மகள் மட்டும்தான் இரிக்கிறா. உம்மாவையும் ரெண்டு மகள்மாரையும் காணல்ல."

"எங்க போனாங்க?"

"எங்கயும் போகல்ல. ஒரே திறப்ப ரெண்டாம் முறை குடுத்து வேற பேர் வெச்சா, முந்தி இரிந்த பேர் அழிஞ்சிரும். கேக்காது, சத்தம் போடாது. அண்டைக்கு இரவு அழுதழுதுதான் ஐசி இலக்கத்தையும் சேத்தன்."

ஃபஹ்மியா தன் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். கூப்பன் கார்ட் இலக்கம் அவளுக்கு மனப்பாடம். "என்ட ரெண்டையும் அடிச்சுப் பாருங்க."

றம்லா அடித்தாள். ஃபஹ்மியாவின் உம்மா கையில் பிடித்துக்கொண்டு வந்த கார்டின் இலக்கம். ஃபஹ்மியாவின் சொந்த அடையாள அட்டை இலக்கம். திரையில் பெயர் வந்தது.

முகம்மது நௌஃபர், குறிஞ்சிப்பிட்டி.

தன் வீட்டுக் கதவைத் தட்ட, உள்ளேயிருந்து யாரோ முன்பின் தெரியாதவன் "யாரது?" என்று கேட்டதைப் போலிருந்தது அவளுக்கு. ஆனால் துப்பறிகிறவளின் மூளை வயிறு எரியும்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

"டீச்சர், என்ட பேரை வெட்டிப்போட்டு அவன்ட பேரைப் புதுசாச் சேத்திருந்தா, அவன் எங்க வந்திருப்பான்?"

"கடைசியில. புதுத் திறப்பு எப்பவும் வரிசைட வாலுலதான்."

"ஆனா அவன் நாப்பத்தொண்டுல, என்ட இடத்துலயே குந்தியிருக்கான். மொத்தமும் மாறல்ல, இருநூத்திப் பன்னெண்டுதான். அப்ப ஒருத்தரும் என்னை வெட்டவும் இல்ல, அவனைச் சேக்கவும் இல்ல. என்ட திறப்பாலேயே பெட்டியைத் திறந்து, சாமானை மட்டும் மாத்தியிருக்காங்க. மெசின் பிழை விட்டிருந்தா ரெண்டு இலக்கத்துல ஒண்டாவது பிசகியிருக்கும். ரெண்டும் சரியா இருக்கு. இது தெரிஞ்சு செய்த வேல."

"மிஸ், நீங்க கொம்பியூட்டர் படிச்சிருந்தா எனக்குச் சம்பளம் ஒழுங்கா வந்திருக்கும்" என்றான் பஸ்தியான்.

"அந்தத் துண்டை யார் கொண்டு வந்த?"

றம்லா தயங்கினாள். "துண்டெல்லாம் தலைவர்தான் சேத்துத் தந்தாரு. முப்பத்தெட்டுத் துண்டு. பாதிக்கு மேல இதே கததான், பொம்புளைட பங்கைப் புருஷன்ட பேருக்கு மாத்துற. அதனால எனக்கு வித்தியாசமாப் படல்ல. அடிச்சு முடிஞ்சதும் துண்டைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போட்டாரு. ஆக்கள்ட ஐசி இலக்கம் இரிக்கி, வெளியில போகக் கூடாது எண்டாரு."

துண்டுகள் போனது அவர் கை வழியாக. கிழித்தது அவர். பதியும்போது கொடுத்த இரண்டு அட்டைகளின் போட்டோப் பிரதியும் அவர் கோவையில். மனைவியின் ஊர் குறிஞ்சிப்பிட்டி. போதாக்குறைக்கு அந்த ஒலிபெருக்கி. ஃபஹ்மியா பல்லைக் கடித்தாள். பூனைக்கு மணி கட்டும் நாள் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

வாசலுக்கு வந்ததும் ராத்தாவுக்கு போன் எடுத்தாள். மனம் கொதித்தால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உம்மா போன பிறகு உம்மாவும் அலீமாதான்.

"ராத்தா, உம்மாட கூப்பன் கார்ட் அலுமாரியிலதானே இருக்கு?"

"ஓம், இரிக்கு. ஏன்?"

ஃபஹ்மியா நடந்ததைக் கொட்டினாள். மறுமுனையில் அலுமாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு அலீமா சொன்னாள்: "அந்தத் தலைவர்தான் செஞ்சிருப்பாரு. வேற யாரு? அவர விடாத, தங்கச்சி. ஆனா குறிஞ்சிப்பிட்டிக்கெல்லாம் அலையாத. இந்த வெயில்ல ஒனக்குத் தல சுத்தும்."

பாசத்தில் சொல்கிறாள் என்று ஃபஹ்மியா நினைத்தாள். கண்கூட நனைந்தது. அவளைப் போல் ஒரு கெட்டிக்காரியைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பாசம் ஒன்று போதும்.

"குறிஞ்சிப்பிட்டிக்கு விடுங்க, பஸ்தியான் அண்ண. என்ட புருஷனைப் பாக்க வேணும்."

*

வழியெல்லாம் காற்று ஓட்டோவின் படங்கைப் பிய்த்தது. ஒன்றரை லீட்டர் பெட்ரோலைக் கஞ்சிபோல் பங்கிட்டு ஓட்டினான் பஸ்தியான். இறக்கம் வந்தால் இன்ஜினை நிறுத்தினான். கற்பிட்டி வீதியில் இறக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அவன் மனதில் இருந்தது.

"மிஸ், ஆளைப் பாத்து நல்லா இருந்தா என்ன செய்வீங்க?"

"காதைப் பிடிச்சுத் தலைவர்கிட்டக் கூட்டிட்டுப் போவன்."

"முதல் நாளே காதைப் பிடிச்சா எப்படிக் குடும்பம் நடக்கும்?"

நௌஃபரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கேட்ட முதல் கடையிலேயே வெங்காயத் தோட்டத்தைக் காட்டினார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. காலில் செம்மண், தலையில் துவாய். ஓட்டோ சத்தம் கேட்டுத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவன், ஃபஹ்மியாவைப் பார்த்ததும் திகைத்து நின்றான். களவு பிடிபட்டவன் முகம் எப்படியிருக்கும் என்பது ஃபஹ்மியாவுக்கு அத்துப்படி. இது அந்த முகமில்லை. அவன் அவசர அவசரமாகத் துவாயை அவிழ்த்துக் கையைத் துடைத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க... கற்பிட்டி ஃபஹ்மியா சாச்சிதானே? போட்டோவுல பாத்திருக்கன். வாங்க, வாங்க!"

சாச்சி. உம்மாவின் தங்கையைக் கூப்பிடுகிற முறை. ஃபஹ்மியாவை அப்படிக் கூப்பிட உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உரிமை இருந்தது: அலீமாவின் மூத்த மகள் ஸஃப்னாவுக்கும் இளைய மகளுக்கும்.

"அலைக்கும் ஸலாம்" என்றாள்.

அவன் காவல் குடிலுக்குள் ஓடி ஒரு கதிரையும், பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்தான். "பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு நீங்க வரல்ல எண்டு எங்க உம்மாவுக்குச் சரியான கவல. மாமி சொன்னா, ஒங்களுக்கு வேல கூடண்டு. றஜப் மாசம் கலியாணத்துக்கெண்டாலும் கட்டாயம் வரோணும், சாச்சி."

பஸ்தியான் வாயைத் திறந்தான். ஃபஹ்மியா அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"ஸஃப்னா சொல்லியிருப்பா, எனக்குச் சீதனம் ஒண்டும் வேணா எண்டுதான் நான் சொன்ன. ஆனா எங்க வாப்பா, வீடு வளவு இல்லாம எப்பிடி எண்டு நிண்டுட்டாரு. நீங்க ஒங்கட காணிய மனசார புள்ளைக்குக் குடுத்ததாலதான் இந்தக் கலியாணமே. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுளத் தரோணும்." அவன் போனை எடுத்து நீட்டினான். "வாப்பா நம்பல்ல. பொறகு மாமி இத அனுப்பினா. நாப்பத்தோராம் இலக்கத்துக்காரிட ஐசி, அவவே அனுப்பச் சொன்னா எண்டு."

ஃபஹ்மியா வாங்கிப் பார்த்தாள். அவளுடைய அடையாள அட்டையின் படம். அட்டைக்குக் கீழே நீலப் பூப்போட்ட மேசை விரிப்பு. ஓரத்தில் நுளம்புத்திரி பொசுக்கிய வட்டக் கறுப்பு. அவளுடைய மேசை. கற்பிட்டியில், போன் கடைக்கு மேல், அவளுடைய அறையில் இருக்கும் மேசை.

"தேத்தண்ணி ஆறுது, சாச்சி" என்றான் நௌஃபர்.

அவள் குடித்தாள். சீனி நிறையப் போட்டிருந்தான். அவனிடம் எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம் போதும், றஜப் மாதத்துக் கலியாணம் அந்த வெங்காய வரப்பிலேயே முடிந்திருக்கும். "நல்லா இருங்க, மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஓட்டோவில் ஏறிய பிறகுதான் பஸ்தியான் கதைத்தான். "உங்கட ராத்தா."

"ம்."

"தலைவர் பாவம், மிஸ். ஒண்டுமறியாதவர். முகம் அவருக்குப் பிறப்புலயே அப்பிடி."

"ராத்தாவுக்கு மூட்டு வருத்தம், பஸ்தியான் அண்ண. என்ட மாடிப்படியில அவ ஒரு நாளும் ஏறினதில்ல" என்றாள் ஃபஹ்மியா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டு மாசத்துக்கு முதல் ஸஃப்னா வட்டிலப்பம் கொண்டு வந்து ரெண்டு நாள் நிண்டுட்டுப் போனா. நான் குளிக்கப் போகக்க பை மேசையில கிடந்தது."

"என்னத்துக்கு எண்டு பிள்ளைக்குச் சொல்லாம, உம்மாவே படம் எடுக்கச் சொல்லி..."

"அப்பிடித்தான் இருக்கோணும்" என்று உடனே சொன்னாள். இருபது வருடம் மடியில் தூக்கி வளர்த்த பிள்ளை. முதல் பல் விழுந்ததும் ஓடிவந்து காட்டியது உம்மாவிடம் அல்ல, சாச்சியிடம். அவள் துப்பறிந்த காலத்தில் முதல்முறையாக, தன் ஊகம் பிழையாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டாள்.

*

அலீமா தங்கையின் முகத்தைப் பார்த்த கணத்திலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். மறுக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"குறிஞ்சிப்பிட்டிக்குப் போகாத எண்டு சொன்னன்தானே."

"துண்டு எழுதினது நீங்களா?"

"ஓம்."

"தலைவரை விடாத எண்டு எனக்குச் சொன்னதும் நீங்கதான்."

"பொறகு என்னத்தச் சொல்லச் சொல்ற?" அலீமாவின் குரல் உயர்ந்தது. "எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. ஒரு காணி. எண்ட காணி சின்னவளுக்கு. மூத்தவளக் கரை சேக்க நான் எங்க போற? நீ தனியாள். ஒனக்குப் புள்ளயா குட்டியா? அந்தக் காட்டுல போய் ஒத்தையில வீடு கட்டி யாருக்கு வெளக்கு வெக்கப் போற?"

இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு அதைக் கேட்கிறாள். வாப்பா கட்டிய ஒரே வீடு. இளையவளின் பங்கும் சேர்ந்துதான் இந்தச் சுவர் எழும்பியது என்பது இருவருக்கும் தெரியும். ஃபஹ்மியா அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"ராத்தா, ஒரு வார்த்த கேட்டீங்களா எங்கிட்ட?"

"கேட்டாக் குடுத்திருப்பியா?"

"கேட்டீங்களா?"

அலீமா தலையைக் குனிந்தாள். ஃபஹ்மியா உள் அறைத் திரைச்சீலையைப் பார்த்தாள். அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. "புள்ளைக்கு இது தெரியாதுதானே?" என்று கேட்டாள். கேள்விபோல் அல்ல, கெஞ்சுவதுபோல். "நீங்கதான் ஏதோ சாட்டுச் சொல்லிப் படம் எடுக்கச் சொல்லியிருப்பீங்க. அவ என்ன ஏது எண்டு தெரியாம..."

"நான்தான் எடுத்தன், சாச்சி."

ஸஃப்னா வெளியே வந்தாள். அழுதிருந்தாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

"என்னத்துக்கு எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"'சாச்சி, எனக்குத் தாங்க' எண்டு கேக்க ஒனக்கு என்ன, மகள்? என்ட கையால எதக் கேட்டு நான் இல்லண்டு சொன்ன?"

"சொன்னதில்ல." ஸஃப்னா முந்தானையை முறுக்கினாள். "ஆனா இதுக்கு நீங்க இல்லண்டு சொல்லிட்டா, பொறகு எடுக்க ஏலாதே சாச்சி. எடுத்தாத் தெரிஞ்சு போயிரும்தானே. அதான் கேக்கல்ல."

அலீமாகூட மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபஹ்மியா எத்தனையோ களவுகளைப் பார்த்திருக்கிறாள். பசிக்கு எடுத்தவன், பகைக்கு எடுத்தவன், பழக்கத்தில் எடுத்தவன். இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பொய்யில்லாமல் காரணம் சொன்ன ஒரு கள்ளியை அவள் கண்டதில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?" அலீமா எழுந்து கையைப் பிடித்தாள். "தங்கச்சி, லிஸ்ட்ட மாத்திராத. மாத்தினா அந்த ஆக்கள் வேணாம் எண்டு போயிருவாங்க. ஒண்ட கையால வளத்த புள்ள. அவட வாழ்க்கைய..."

ஃபஹ்மியா அந்தக் கையை மெல்ல விலக்கினாள். "வீடு இல்லண்டு விட்டுட்டுப் போனா எப்படியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும், ராத்தா. அதனாலதான் நீங்க கேட்டிருந்தா அதே நிமிசம் குடுத்திருப்பன்."

*

சங்கக் கட்டடத்துக்கு அரைக் கட்டை தூரம் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. பஸ்தியான் இறங்கித் தள்ளினான். ஃபஹ்மியா காத்திருக்காமல் நடந்தாள்.

சாஹுல் ஹமீது அரக்கையும் முத்திரையையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார்.

"காக்கா, காலையில ஒங்களைப் பிழையா நெனச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, கேட்கவில்லை. "பாங்குக்கு இன்னும் பத்து நிமிசம் இரிக்கி. போய்ச் செய்ங்க" என்று கதவைக் காட்டினார். புளி கரைத்த முகம் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்த முகம்.

றம்லா மறுபடியும் இரண்டு இலக்கங்களை அடித்தாள். நௌஃபரின் பெயர் வந்தது. அதன்மேல் ஃபஹ்மியாவின் பெயரை எழுதினாள். கேட்கவில்லை, சத்தம் போடவில்லை, நௌஃபர் போய்விட்டான். நாற்பதாவது சித்தி மரியம், நாற்பத்தோராவது ஃபஹ்மியா, நாற்பத்திரண்டாவது உம்மு குல்தூம். ஒரு மனிதனின் கலியாணம் அழிவதற்கு இவ்வளவு நேரம்தான் எடுத்தது.

"இனி இப்பிடி நடக்காம, மாத்த முதல் ஒரு கேள்வி கேக்கச் சொல்லி எழுதுறன்" என்றாள் றம்லா. பிறகு திரையைப் பார்த்துத் தயங்கினாள். "இன்னொண்டு இரிக்கி, ஃபஹ்மியா. ஒங்களுக்குப் பொறகு காணி யாருக்கு எண்டு ஒரு இடம். துண்டில அது எழுதல்ல, அதால வெறுமையாப் போயிட்டு. ஜூன் மாசம் நீங்க சொன்ன பேர் எனக்கு ஞாபகம் இரிக்கி. ராத்தாட மகள், ஸஃப்னா. அதையே போடவா?"

ஃபஹ்மியா திரையில் வெறுமையாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். பின்னால் பஸ்தியான் வியர்வை வடிய வாசலில் வந்து நின்றான். அவனும் அதைக் கேட்டுவிட்டான்.

"போடாம விட ஏலுமா, டீச்சர்?"

"ஏலும். திறப்பு இரிக்கும், பெட்டி இரிக்கும். உள்ளுக்கு ஒருத்தர்ட பேரும் இரிக்காது. மெசின் அதையும் ஏத்துக்கொள்ளும்."

"அப்பிடியே விடுங்க" என்றாள் ஃபஹ்மியா.